இன்ஹேலருக்குப் பயந்தீர்கள், சரி. அந்தக் கறுப்புப் பொடியில் என்ன இருக்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன். நீளமான கடிதம். சுருக்கிச் சொல்கிறேன்.

மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. 4 வயதிலிருந்தே ராத்திரி இருமல். அப்போது ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’, அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய் என்று சொல்லி 6 மாதம் மருந்து கொடுத்தார்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம், இருமல் போகவில்லை. போன வருஷம் வேறொரு குழந்தை மருத்துவர் குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்து, ஆஸ்துமா என்று சொல்லி, புடசோனைடு இன்ஹேலர் 100 மைக்ரோகிராம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஸ்பேஸர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் குழல்) வைத்துத் தினமும் கொடுக்கச் சொன்னார். அவசரத்துக்கு நீல நிற சால்புடமால் பம்ப். இரண்டரை மாதம் ஒழுங்காகக் கொடுத்ததில் பையன் விடியும்வரை தூங்கினான். அப்புறம் மருந்துக்கடையில் நின்ற ஒருவர் “இது ஸ்டீராய்டுங்க, தெரியுமா?” என்று கேட்க, மாமியார் “இந்த வயசுல பம்ப் அடிச்சுப் பழக்குனா ஆயுசுக்கும் விடாது கண்ணு, வளர்த்தியும் நின்னு போயிரும்” என்று சொல்ல, நிறுத்திவிட்டார்கள். அடுத்த 6 மாதத்தில் மூன்று முறை கடுமையான வீசிங். மூன்று முறையும் ஆஸ்பத்திரியில் நெபுலைஸர் வைத்து, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 20 மில்லிகிராம் வீதம் 5 நாள். நடுவில் நீல பம்ப் ஒன்று ஆறே வாரத்தில் தீர்ந்துபோகிற அளவுக்கு உபயோகம்.

3 மாதத்துக்கு முன் கணவரோடு பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் சொல்லி, பக்கத்து ஊரில் ஒருவரிடம் கறுப்புப் பொடி வாங்கினார்கள். பிளாஸ்டிக் கவர், அதன்மேல் ஒரு எழுத்து கிடையாது. தேனில் குழைத்து இரண்டு வேளை. இரண்டே நாளில் வீசிங் காணாமல் போய்விட்டது. பையன் நன்றாகச் சாப்பிடுகிறான், கன்னம் உப்பியிருக்கிறது, 22 கிலோ இருந்தவன் 26 கிலோ. “மருந்து பிடிச்சுக்கிச்சு” என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். போன மாதம் பொடி தீர்ந்து 3 நாள் கொடுக்கவில்லை. இரண்டாம் நாளே இழுப்பு, வாந்தி, எழுந்து உட்காரக்கூட முடியாமல் துவண்டுபோய்விட்டான். மறுபடி பொடி கொடுத்ததும் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டான்.

இப்போது கேள்விகள். பொடியையே தொடர்ந்து கொடுத்து இன்ஹேலரை நிரந்தரமாக விட்டுவிடலாமா? இன்ஹேலர் தொடங்கினால் விட முடியாதா? உயரம் குறையுமா? மருத்துவர் எழுதியிருந்த மாண்டெலூகாஸ்ட் மாத்திரையில் ஸ்டீராய்டு இல்லை என்கிறார்களே, அது மட்டும் போதுமா? வருகிற ஜூனில் சொந்தக்காரர்கள் ஹைதராபாத் மீன் மருந்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? கடைசியில், பையன் கேட்கச் சொன்னதாக ஒரு வரி: தயிர் சாதம் சாப்பிடலாமா?

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை முதலில் பேசிவிடுவோம்.

பொடியை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள்

இரண்டு நாளில் வீசிங் மறைந்தது, பசி கிளம்பியது, முகம் உருண்டது, 3 மாதத்தில் 4 கிலோ ஏறியது, நிறுத்தினால் துவண்டு வாந்தி எடுக்கிறான், கொடுத்ததும் எழுந்து உட்காருகிறான். இவை எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி எந்த மருத்துவரிடம் நீட்டினாலும் அவர் வாயில் முதலில் வரும் சொல் ஸ்டீராய்டு. ஆமாம், நீங்கள் எதற்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தினீர்களோ அதேதான். பெயரில்லாத ஆஸ்துமாப் பொடி, மூட்டுவலிப் பொடி, உடம்பு தேறுகிற லேகியம் இவற்றில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற மாத்திரைகளை இடித்துக் கலப்பது ரொம்ப நாளாக நடக்கிறது, பரிசோதனைக் கூடங்களில் பிடிபட்டும் இருக்கிறது. உங்கள் பொடியை நான் பரிசோதிக்கவில்லை, அதனால் இது சந்தேகம்தான். ஆனால் வலுவான சந்தேகம்.

ஏன் உடனே நிறுத்தக்கூடாது என்கிறேன் தெரியுமா? நம் உடம்பிலேயே, சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. அது இல்லாமல் ரத்த அழுத்தம் நிற்காது, சர்க்கரை நிற்காது, ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் பெரிய அளவில் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் ‘நமக்கு வேலையில்லை’ என்று சுரப்பி சுருண்டு படுத்துவிடும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வருவதையும் பட்டென்று நிறுத்தினால் உடம்பில் எதுவுமே இல்லாமல் போகும். போன மாதம் உங்கள் பையன் துவண்டது இதனாலாக இருக்கலாம். ‘பொடி இல்லாததால் வீசிங் வந்தது’ என்று நீங்கள் நினைத்தது பாதிதான் உண்மை.

அதனால் இந்த வாரமே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மிச்சமிருக்கும் பொடியைக் கவரோடு எடுத்துப் போங்கள், மாமியார் கோபத்தில் தூக்கி எறிந்துவிடப் போகிறார். காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவைப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால், அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதற்குள் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் எது வந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “3 மாசமா என்னன்னு தெரியாத பொடி கொடுத்தோம், ஸ்டீராய்டு இருக்கலாம்.” வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அம்மை போட்டிருக்கும் வீட்டுப் பக்கமும் இப்போதைக்குக் கூட்டிப் போக வேண்டாம், ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது சின்னம்மை கடுமையாக அடிக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘இங்கிலீஷ் டாக்டர் நாட்டு வைத்தியத்தைத் திட்டுகிறார்’ என்று நாலு பேர் எழுதுவார்கள். படித்துப் பதிவு செய்துகொண்ட சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உருவாக்கினார்கள், அது இன்றைக்கும் எங்கள் மருந்துச் சீட்டில் வருகிறது. ஆனால் முறையான சித்த மருத்துவரிடம் கேட்டால் சூரணத்தின் பெயரைச் சொல்வார், என்னென்ன சரக்கு என்று சொல்வார், எழுதியும் தருவார். உங்கள் ஆளிடம் கேட்டுப் பாருங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, குழந்தையின் வாயில் போவது அது.

எதில் எவ்வளவு ஸ்டீராய்டு?

இப்போது நீங்கள் நிறுத்திய இன்ஹேலருக்கு வருவோம். ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். ஒரு வருஷம் ஒருநாள் விடாமல் கொடுத்தால் மொத்தம் 73 மில்லிகிராம். மூன்று முறை வீசிங் வந்தபோது கொடுத்த மாத்திரை? தினம் 20, 5 நாள், 3 முறை, ஆக 300 மில்லிகிராம். ஒரு வருஷ இன்ஹேலரைப்போல நாலு மடங்கு, 15 நாளில். பொடிக் கணக்கு இதில் சேரவே இல்லை, அதை யாராலும் போட முடியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், எடைக்கு எடை ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை. புடசோனைடு மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் பிரெட்னிசலோனைவிட வீரியமானது. ஆனால் அது போகும் வழி வேறு. ஊதும்போது நுரையீரலுக்குப் போவது நேரடியாக வேலை செய்யும் இடத்தில் விழுகிறது. வாயிலும் தொண்டையிலும் ஒட்டி வயிற்றுக்குள் போவதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை ரத்தத்தில் பரவுவதற்கு முன்பே ஈரல் உடைத்துப் போட்டுவிடுகிறது. மாத்திரையோ முழுசாக ரத்தத்தில் கலந்து, எலும்பு, கண், சர்க்கரை, அட்ரீனல் என்று எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. மாத்திரை கொடுத்த மருத்துவர்கள் தப்புச் செய்யவில்லை, அந்த நேரத்தில் அது உயிர்காக்கும் மருந்து. அந்த நேரமே வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இன்ஹேலர் கொடுத்தார்கள்.

இன்னொன்று. ‘ஸ்டீராய்டு’ என்றதும் ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஊசி ஞாபகம் வருகிறது பலருக்கு. அது வேறு குடும்பம், ஆண் ஹார்மோன் வகை. இது கார்டிசால் வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்.

ஊதினால் பழகிவிடுமா?

மழைக்காலத்தில் பழைய மரக்கதவு ஈரத்தில் ஊறி உப்பிக்கொண்டு நிலையில் சிக்கிக்கொள்ளும் பார்த்திருப்பீர்கள். தோளால் ஒரு இடி இடித்தால் திறக்கும், மூடினால் மறுபடி சிக்கும். சால்புடமால் நீல பம்ப் செய்வது அந்த இடிதான். இறுகிய தசையைத் தளர்த்தி மூச்சுக்குழாயைச் சில நிமிஷத்தில் திறக்கிறது, சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை, அதாவது கதவில் ஊறிய ஈரத்தை, அது தொடுவதே இல்லை. அதைக் காயவைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். காய்வதற்கு நாளாகும், ஒன்றிரண்டு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் ‘இதை அடிச்சா ஒண்ணுமே தெரியலையே’ என்று பாதிப் பேர் நிறுத்துகிறார்கள், மீதிப் பேர் உங்களைப்போல ‘சரியாயிடுச்சே, எதுக்கு இன்னும்’ என்று நிறுத்துகிறார்கள்.

நிறுத்தியதும் வீசிங் திரும்பியது என்பதை ‘பழகிவிட்டது’ என்பதற்கு அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். மழை நிற்கவில்லை, கதவு மறுபடி ஊறியது, அவ்வளவுதான். ஆஸ்துமாவை வேரோடு பிடுங்கும் மருந்து இன்றைக்குக் கிடையாது, இன்ஹேலரும் அப்படிச் செய்யாது. கொடுக்கிறவரை கட்டுக்குள் வைத்திருக்கும். யாராவது வேரோடு பிடுங்குகிறேன் என்றால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அதே நேரம் ஆயுசுக்கும் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். தொடர்ந்து 3 மாதமாவது நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் அளவைக் குறைத்துப் பார்ப்பதுதான் முறை, கால் பங்கோ பாதியோ குறைத்து, மறுபடி 3 மாதம் பார்த்து. பல பிள்ளைகளுக்கு வளரும் வயதில் தானாகவே தணிகிறது. சிலருக்குப் பெரியவர்களானபின் திரும்பி வருகிறது. உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

‘இன்ஹேலர் கடைசி ஸ்டேஜுக்குத்தான்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தலைகீழ். தொடர் சிகிச்சையில் முதலில் கொடுக்கவேண்டியதே இதுதான். பெக்லோமெத்தசோன் என்ற முதல் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972-லேயே பிரிட்டனில் வந்துவிட்டது, அரை நூற்றாண்டு பழகிய மருந்து. கனடாவின் சஸ்காட்சுவான் மாநில ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் கணக்கை அலசி 2000-ல் வந்த ஆய்வில், குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை வருஷத்துக்கு ஒரு டப்பா கூடுதலாக உபயோகித்தால்கூட ஆஸ்துமாவால் சாகும் விகிதம் 21 சதவீதம் குறைந்தது. மாறாக நீல பம்ப் மட்டும் அதிகமாக அடிப்பவர்கள்தான் எங்களைத் தூங்கவிடாத நோயாளிகள். வருஷத்துக்கு 3 டப்பாவோ அதற்கு மேலோ போனாலே கடும் வீசிங் வரும் ஆபத்து கூடுகிறது, 12-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. ஒரு டப்பாவில் 200 பஃப், அதாவது 200 அழுத்து. உங்கள் வீட்டில் ஆறு வாரத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு எட்டு ஒன்பது. நீங்கள் பயப்பட வேண்டிய பம்ப் அதுதான், அதைப் பற்றி உங்கள் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

உயரம்

இதில் உங்கள் மாமியார் சொன்னது முழுப் பொய்யில்லை, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 5 முதல் 12 வயதுவரை 1,041 பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு புடசோனைடு தினம் 400 மைக்ரோகிராம், நாலு வருஷத்துக்கு மேல். வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியது, அதுவும் முதல் இரண்டு வருஷத்தில்தான், அப்புறம் கூடிக்கொண்டே போகவில்லை. அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆனபின் மறுபடி அளந்து 2012-ல் வெளியிட்டார்கள்: மருந்தில்லாத பிரிவைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. உங்கள் சுண்டுவிரலின் அகலம் அளவு. உங்கள் பையனுக்கு எழுதியது அதில் பாதி அளவு.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. கட்டுப்படாத ஆஸ்துமாவே பிள்ளையைக் குறுக்கும், ராத்திரி தூக்கம் கெடும், பசி போகும், பருவம் தள்ளிப்போகும். அடிக்கடி மாத்திரை ஸ்டீராய்டு கொடுத்தால் உயரத்தில் விழும் அடி இன்ஹேலரைவிடப் பெரிது. 1.2 சென்டிமீட்டரைக் காப்பாற்றப் போய் வேறு எதையெல்லாம் பணயம் வைக்கிறோம் என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி. நானாக இருந்தால் இன்ஹேலரைத்தான் எடுத்துக்கொள்வேன். என் அக்கா மகளுக்கு அதுதான் செய்தோம்.

வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், 3 மாதத்துக்கு ஒருமுறை. இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அந்தக் கோட்டோடு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். மருத்துவரின் பொறுப்பும் அதில் இருக்கிறது, கட்டுப்படுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவிலேயே அவர் வைத்திருக்க வேண்டும். கண்புரை, எலும்புத் தேய்மானம், அட்ரீனல் மந்தம் என்று இணையத்தில் நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் அதிக அளவில் ரொம்ப காலம் எடுப்பவர்கள் கதை. உங்கள் பையனுக்கு எழுதியது குறைந்த அளவு வகை.

ஊதுகிற விதம்

மருந்து சரியாக இருந்து ஊதுவது தப்பாகிப் பலன் இல்லாமல் போகிறவர்கள் ஏராளம். மூடியைக் கழற்றாமல் அழுத்தியவரைப் பார்த்திருக்கிறேன். பொடி கேப்சூலை மெஷினில் போட்டு உறிஞ்சாமல் தினமும் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு, “ஒண்ணும் கேட்கலீங்க” என்று மூன்று மாதம் கழித்து வந்த வாத்தியார் ஒருவர் உண்டு. தப்பு அவர்மேல் இல்லை, செய்து காட்டாத எங்கள்மேல்.

டப்பாவை நன்றாகக் குலுக்கி ஸ்பேஸரின் பின்னால் செருகுங்கள். 9 வயதுப் பையனுக்கு முகமூடி தேவையில்லை, வாயில் வைக்கும் முனையைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக்கிக்கொள்ளட்டும். ஒரு அழுத்து. மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி விட வேண்டும். முடியாவிட்டால் சாதாரணமாக ஐந்து ஆறு முறை ஸ்பேஸருக்குள்ளேயே மூச்சு வாங்கி விடட்டும். இரண்டு பஃப் என்றால் இரண்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள், ஒன்று முடிந்து அரை நிமிஷம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்தது. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும். பல் தேய்க்கப் போகும் முன் ஊதிவிட்டால் கொப்பளிப்பது தானாக நடந்துவிடும், மறப்பதும் குறையும், இது ஒரு நோயாளியின் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஸ்பேஸரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். டப்பாவைக் குலுக்கிப் பார்த்து மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது, வாயு மட்டும் மிச்சமிருந்தாலும் சத்தம் வரும். எண்ணிக்கை காட்டும் டப்பா கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் காலண்டரில் தொடங்கிய தேதியைக் குறியுங்கள். செலவு ஒரு பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையிலும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள், புடசோனைடு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்துதான்.

மீதிக் கேள்விகள்

மாண்டெலூகாஸ்ட் மட்டும் போதுமா? பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதாது. அதில் ஸ்டீராய்டு இல்லை என்பது சரி, ஆனால் வீசிங்கைத் தடுப்பதில் இன்ஹேலரைவிடப் பலவீனமானது. ஸ்டீராய்டு இல்லை என்பதால் தொல்லை இல்லை என்றும் கிடையாது. சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வருவதால் 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்குக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பே போட்டது. பையனின் சுபாவத்தில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹைதராபாத் மீன் பற்றி. தெலுங்கில் மிருகசிர கார்த்தி என்று சொல்லும் ஜூன் மாத நாளன்று சின்ன விரால் குஞ்சின் வாயில் ஒரு மருந்து உருண்டையை வைத்து உயிரோடு விழுங்கச் சொல்வார்கள். இப்போது அதை மருந்து என்று சொல்லாமல் மீன் பிரசாதம் என்கிறார்கள், அதிலேயே பதில் இருக்கிறது. ஆஸ்துமா குணமாகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. நம்பிக்கைக்காகப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் மூச்சுத் திணறலுக்குப் பழக்கப்பட்ட 9 வயதுப் பையனை ஜூன் மாதக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்கவைத்து, உயிர் மீனைத் தொண்டையில் விடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வேண்டாம்.

பழைய ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் அரிக்கிறது என்று தெரிகிறது. குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் இல்லை. ஆனால் நம் ஊரில் ராத்திரி இருமலும் எடை ஏறாமையும் சேர்ந்தாலே அந்தப் பெயரை ஒட்டுகிற பழக்கம் ரொம்ப நாள் இருந்தது, அதில் ஆஸ்துமாப் பிள்ளைகள் பலர் மாட்டினார்கள். 6 மாத மருந்து முடிந்தும் அதே இருமல் அதே நேரத்தில் வந்தது என்றால் உங்கள் பையனுக்கு அப்போதே ஆஸ்துமாவாக இருந்திருக்கலாம். முடிந்துபோனது, அந்த மாத்திரையால் இப்போது பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை இரண்டையும் நிறுத்துங்கள், கொசுவலை கட்டுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போடுங்கள், தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை கொதிக்கிற சூட்டுத் தண்ணீரில் அலசுங்கள். கணவர் கம்பெனியிலிருந்து பஞ்சுத் தூசியோடு வந்தால் சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். தீபாவளிக்கும் போகிக்கும் பையன் ஜன்னலுக்கு உள்ளே இருக்கட்டும், அழுதால் அழட்டும். இதெல்லாம் உதவும், ஆனால் இதைச் செய்துவிட்டோம் என்று இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள்.

இப்போது என்ன செய்வது? பொடி விஷயமாகப் போகும்போதே இன்ஹேலரை மறுபடி தொடங்குவது பற்றிக் கேளுங்கள், பெரும்பாலும் அன்றைக்கே தொடங்கச் சொல்வார். பொடியைக் குறைக்கும்போது வீசிங் தலைதூக்கும், அப்போது இன்ஹேலர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். கையோடு ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள்: தினமும் என்ன, லேசாக இழுத்தால் என்ன, அதிகமானால் என்ன. திடீர் வீசிங்கில் சால்புடமாலை ஸ்பேஸர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக 10 வரை கொடுக்கலாம் என்பது பொதுவான முறை, உங்கள் பையனுக்கு எத்தனை என்பதை அவர் எழுதித் தரட்டும். அதற்கும் கேட்காவிட்டாலோ, பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வராவிட்டாலோ, விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பம்ப்பைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்தக் காகிதத்தின் ஒரு நகலையும் ஒரு நீல பம்ப்பையும் வகுப்பு டீச்சரிடம் கொடுத்து வையுங்கள்.

மாமியாரையும் கூட்டிப்போங்கள். நான் எழுதியதை நீங்கள் போய்ச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். அந்த 73-க்கு 300 கணக்கை மருத்துவர் அவர் முன்னால் போட்டுக் காட்டட்டும், பேரன்மேல் இருக்கிற பயத்தில்தானே அவரும் பேசினார்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். தயிர் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம், வாழைப்பழமும் சாப்பிடலாம். ஒரு சாப்பாடு சாப்பிட்டால் உனக்கு ஒவ்வொரு முறையும் அரிப்போ வீசிங்கோ வருகிறது என்றால் மட்டும் அதை அம்மாவிடம் சொல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிர் என்றால் கொஞ்ச நேரம் வெளியே வைத்துச் சாப்பிடு, அம்மாவுக்காக.